ஜெலுத்தோங் வெயிலில் பச்சைப் பிள்ளைக்கு எத்தனை துணி?

பினாங்கில் குளிர்காலம் கிடையாது. பகலில் 31, 32 டிகிரி வெயில். விடியற்காலையில்கூட 23, 24க்குக் கீழே இறங்குவது அரிது. ஆனாலும் ஜெலுத்தோங்கில் பிள்ளை பிறந்திருக்கும் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் போனால் உள்ளே ஒரு குளிர்காலமே நடந்துகொண்டிருக்கும். சன்னல்கள் சாத்தியிருக்கும். பிள்ளையின் தலையில் தொப்பி, கையில் உறை, காலில் உறை, உள்ளே ஒரு சட்டை, வயிற்றில் துணிக்கட்டு, அதற்கு மேல் பெடோங், அதற்கும் மேல் பூப்போட்ட ஒரு கனத்த போர்வை. வெளியே தெரிவது மூக்கும் கொஞ்சம் கன்னமும்தான். பார்க்க வந்தவர்கள் தங்கள் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "பிள்ளைக்குக் காத்து படாம பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. பிறந்த குழந்தைக்குக் குளிர் ஆபத்துதான். நம்மைப் போன்ற வெப்ப நாட்டிலும் ஆபத்துதான். அந்த ஆபத்து எப்போது வருகிறது, எந்த வழியாக வருகிறது என்பதில்தான் பல வீடுகள் தடுமாறுகின்றன. போர்த்த வேண்டிய நேரத்தில் குளிப்பாட்டிவிட்டு, அவிழ்க்க வேண்டிய நேரத்தில் போர்த்துகிறோம்.

ஈரம்தான் முதல் குளிர்

தாயின் வயிற்றில் இருக்கும்வரை குழந்தைக்கு வானிலை என்று ஒன்று இல்லை. 37 டிகிரியை ஒட்டிய வெதுவெதுப்பான நீர்க்குடம்தான் அதற்கு வீடும் உடையும். பிறந்த நொடியில் அந்த நீரோடு நனைந்தபடியே அறைக் காற்றுக்கு வருகிறது. உடம்பில் உள்ள ஈரம் ஆவியாகும்போது உடம்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். மழையில் நனைந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகிறவர், ஜெலுத்தோங்கின் 27 டிகிரியிலும் பல் கிட்ட நடுங்குவது இதனால்தான். துடைத்துப் போர்த்தாமல் விட்டுவிட்டால், பிறந்த முதல் 10 முதல் 20 நிமிடங்களுக்குள் குழந்தையின் சூடு 2 முதல் 4 டிகிரி வரை இறங்கிவிடலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 1997இல் வெளியிட்ட வழிகாட்டியில் எழுதியிருக்கிறது.

பெரியவர்களுக்குக் குளிர்ந்தால் உடம்பு நடுங்கும். அந்த நடுக்கமே சூட்டை உண்டாக்கும். பச்சைப் பிள்ளையால் அப்படி நடுங்க முடியாது. அதற்குப் பதிலாக, தோள்பட்டைகளுக்கு இடையிலும் கழுத்தையும் சிறுநீரகங்களையும் சுற்றியும் பழுப்புக் கொழுப்பு எனப்படும் தனிவகைக் கொழுப்பு சேர்ந்திருக்கும். குளிர்ந்தால் உடம்பு அதை எரித்துச் சூடேற்றிக்கொள்ளும். ஆனால் அந்த எரிப்புக்கு ஆக்சிஜனும் இரத்தச் சர்க்கரையும் செலவாகும். குளிர்ந்த குழந்தை சோர்ந்து போவதும் பால் உறிஞ்சச் சக்தி இல்லாமல் கிடப்பதும் அதனால்தான். பால் குடிக்காவிட்டால் சர்க்கரை இன்னும் இறங்கும். இறங்கினால் சூடேற்ற எதுவும் இருக்காது. குறைமாதப் பிள்ளைக்கு இந்தக் கொழுப்பு சேர நேரமே இருந்திருக்காது.

அதனால் பிரசவ அறையில் வேலைகள் வேகமாக நடக்கும். உடனே துடைப்பார்கள். துடைத்த ஈரத்துணியை அப்புறப்படுத்துவார்கள். தாயின் வெற்று மார்பில் குழந்தையைப் போட்டு, இருவரையும் சேர்த்துப் போர்த்துவார்கள். தலையில் தொப்பி போடுவார்கள். உடம்போடு ஒப்பிட்டால் குழந்தையின் தலை பெரியது. சூடு அதிகம் போவது அந்த வழியாகத்தான். அந்த நேரத்துத் தொப்பி மிகச் சரியானது.

முதல் குளியலை குறைந்தது 24 மணி நேரம் தள்ளிப்போடச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வீட்டுப் பிரசவ காலத்தில் மருத்துவச்சி செய்த முதல் வேலை பிள்ளையைக் குளிப்பாட்டுவதாகத்தான் இருந்தது. அந்த வழக்கத்தில் வளர்ந்த பாட்டிகளுக்கு, 'கழுவாத பிள்ளை'யைக் கையில் வாங்குவது மனத்துக்கு ஒப்பாது. குழந்தையின் தோலில் மாவு பூசியதுபோல் ஒட்டியிருக்கும் வெண்படலம் அழுக்கு அல்ல. அது தோல் காய்ந்துபோகாமல் காக்கும் பூச்சு. தேய்த்து எடுக்க வேண்டியதில்லை. ஓரிரு நாளில் தானே மறையும்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஜெலுத்தோங் குழந்தைக்குக் குளிர் வரும் வழி பெரும்பாலும் ஈரம்தான். குளித்து முடித்த ஐந்து நிமிடம், பெம்பர்ஸ் நனைந்து முதுகு வரை ஏறிய நேரம், பால் கக்கிக் கழுத்து நனைந்த நேரம். இந்த நேரங்களில் கனத்த போர்வையால் பயன் இல்லை. உலர்ந்த துணிதான் வேண்டும். குளிப்பாட்டும் முன்பே துண்டையும் மாற்றுத் துணியையும் கைக்கெட்டும் இடத்தில் விரித்து வைப்பது, மின்விசிறியைச் சற்று நேரம் நிறுத்துவது, தலையை முதலில் துவட்டுவது: இவ்வளவு செய்தாலே பாதி வேலை முடிந்தது.

பாதத்தைத் தொட்டால் பொய் சொல்லும்

அப்படியானால் மற்ற நேரத்தில் எத்தனை துணி? பெரியவர்கள் அணிவதைவிட ஒன்று அல்லது இரண்டு சுற்று அதிகம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டுப் பரிந்துரை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022இல், தூங்கும் குழந்தைக்குப் பெரியவர்களைவிட ஒரு சுற்றுக்கு மேல் வேண்டாம் என்றது. பிறந்த முதல் சில மணி நேரம் போக, வீட்டுக்குள் தொப்பியே வேண்டாம் என்றும் சொன்னது. இரண்டிலும் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: கணக்கு 'பெரியவர்கள் அணிவது' என்பதிலிருந்து தொடங்குகிறது. லண்டனில் ஜனவரி மாதம் ஒருவர் மூன்று சுற்று அணிந்திருப்பார். ஜெலுத்தோங்கில் மதியம் இரண்டு மணிக்கு நாம் மெல்லிய சட்டையும் கைலியுமாக இருக்கிறோம். அதைவிட ஒன்று கூடுதல் என்றால் பிள்ளைக்கு ஒரு பருத்திச் சட்டை, பெம்பர்ஸ், மேலே மெல்லிய பருத்தித் துணி ஒன்று. அவ்வளவுதான். இரவில் ஏர்கோன் 25 டிகிரியில் ஓடினால் கை நீண்ட பருத்தி உடையும் அதே மெல்லிய துணியும் போதும். ஏர்கோன் காற்று நேராகப் படாத இடத்தில் பிள்ளையைக் கிடத்துவது, இன்னொரு போர்வையைவிடப் பயனுள்ளது.

பாட்டிமார் பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்து, "சில்லுன்னு இருக்கு" என்று இன்னொரு காலுறையை மாட்டுவார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. பிறந்த சில நாள்களுக்குக் குழந்தையின் கைகால்களுக்கு இரத்த ஓட்டம் முழுமையாகச் சீராகியிருக்காது. அவை சற்றுக் குளிர்ந்தும் லேசாக நீலம் பாரித்தும் இருப்பது இயல்பு. உண்மையைச் சொல்வது பிடரியும் மார்பும் வயிறும்தான். சட்டைக்குள் இரண்டு விரலை விட்டுப் பிடரியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பாகவும் உலர்ந்தும் இருந்தால் துணி சரியான அளவு. ஈரமாகப் பிசுபிசுத்தால் ஒரு சுற்றை அவிழ்க்க வேண்டும். வயிறே குளிர்ந்திருந்தால் மட்டும்தான் அது குளிர்.

மயில் குளிரில் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையைக் கொடுத்த பேகனைத் தமிழ் உலகம் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் போற்றுகிறது. கொடையின் பெருமை பேச அது நல்ல கதை. அந்த மயில் பிடரியைத் தொட்டுக் காட்டியிருந்தால் என்ன சொல்லியிருக்குமோ!

இந்தப் போர்த்தும் பழக்கத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டப் போகும் தாய், விடியும் முன்பே பெரட்டுக்கு நிற்க வேண்டும். பல பெண்கள் பிள்ளை பெற்றுச் சில வாரங்களிலேயே வேலைக்குத் திரும்பினார்கள். கைப்பிள்ளையைப் பனியில் தூக்கிக்கொண்டு போய் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் காட்டுக்குப் போனார்கள். பலகைச் சுவரும் தகரக் கூரையுமான லயன் வீடுகளில் மழைக்காலச் சாரல் உள்ளேயே அடிக்கும். அந்த நேரத்தில் காதை மூடிய துணியும் இறுகச் சுற்றிய போர்வையும் தேவையாகத்தான் இருந்தன. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இன்னும் தேவை. நாட்டில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையான 7.8 டிகிரி, 1978 பிப்ரவரி 1ஆம் தேதி அங்கேதான் பதிவானது. இலங்கையின் நுவரெலியாவிலும் நீலகிரியிலும் தோட்டத் தமிழர்களுக்கு இதே கதைதான். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்தபோது சட்டி பானையோடு அந்தப் பழக்கமும் லாரியில் ஏறி வந்துவிட்டது. சன்னல் சாத்திய அடுக்குமாடி வீட்டின் மேல்மாடி அறை, மதியத்தில் அடுப்பங்கரை போல் கொதிப்பதை அந்தப் பழக்கம் அறியாது.

சூடு கூடினால்

கூடுதல் போர்வையால் வேர்க்குரு வரும் என்பதுதான் பலருக்குத் தெரிந்த தீங்கு. அது சிறியது. பச்சைப் பிள்ளைக்கு வியர்த்துச் சூடாறும் திறன் குறைவு; போர்வையை உதைத்துத் தள்ளவும் வலு இல்லை. உடல் சூடு 38ஐத் தொட்டால், அது போர்வைச் சூடா, இரத்தத்தில் கிருமித் தொற்றா என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மருத்துவர்கள் தொற்றாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டுதான் செயல்படுவார்கள். பிள்ளை வார்டில் சேர்க்கப்படும், ஊசி குத்தப்படும், இரத்தம் எடுக்கப்படும். ஐந்து நாள் பிள்ளைக்கு அத்தனையும் ஒரு கனத்த போர்வையால் வந்திருந்தால் அதைவிட வருத்தம் இல்லை. நீர்ச்சத்துக் குறைந்து பால் குடிப்பதும் குறைந்தால் மஞ்சள் காமாலையும் ஏறும்.

எல்லாவற்றையும்விடக் கொடியது தொட்டில் மரணம். நல்ல நிலையில் தூங்கப் போட்ட குழந்தை, காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே இறப்பது. 1980களின் இறுதியில் நியூசிலாந்திலும் பிரிட்டனிலும் நடந்த ஆய்வுகள் இரண்டு விஷயங்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. குப்புறப் படுக்கவைப்பது முதல் காரணி. அளவுக்கு மீறிப் போர்த்துவது இன்னொன்று. பிரிட்டனில் 1991இல் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லும் இயக்கம் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே இத்தகைய இறப்புகள் பாதிக்கும் கீழே குறைந்தன. குளிர் நாடான பிரிட்டனிலேயே குழந்தை தூங்கும் அறை 16 முதல் 20 டிகிரி இருந்தால் போதும் என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். அங்கிருந்து சித்தி அனுப்பிய தடித்த 'பிளீஸ்' உடையை 30 டிகிரி அறையில் மாட்டி, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு உடனே கழற்றிவிடுவது நல்லது.

பெடோங் விஷயத்தில் நம் வீடுகள் மலாய் அண்டை வீட்டாரிடமிருந்து கற்றது அதிகம். கைகள் திடுக்கிட்டு எழுந்து பிள்ளை விழித்துக்கொள்வதை அது தடுக்கும். பிள்ளை நன்றாகத் தூங்கும். தவறு அதன் இறுக்கத்தில்தான். கால் வளைந்துவிடும் என்று பயந்து இரண்டு காலையும் நேராக நீட்டிக் கட்டுவார்கள். வயிற்றுக்குள் மடங்கிக் கிடந்த கால் சில காலம் வளைந்துதான் இருக்கும். அதை நேராக்கக் கட்டத் தேவையில்லை. நீட்டிக் கட்டும்போது இடுப்பு மூட்டுப் பந்து அதன் குழியிலிருந்து விலகக்கூடும். ஜப்பானில் 1975இல் காலை நீட்டிக் கட்டாதீர்கள் என்று நாடு தழுவிய இயக்கம் நடத்திய பிறகு, பிறந்த குழந்தைகளின் இடுப்பு மூட்டு விலகல் வெகுவாகக் குறைந்தது. தவளைக் கால்போல் விரிந்து மடங்க இடம் விட்டு, மார்புப் பக்கம் ஒரு கை நுழையும் தளர்வோடு கட்டினால் போதும். கட்டிய பிள்ளையை மல்லாக்க மட்டுமே கிடத்த வேண்டும். புரள முயலத் தொடங்கிய நாளோடு பெடோங்கை நிறுத்திவிட வேண்டும்.

கையுறைக்கும் ஒரு சொல். முகத்தைக் கீறிக்கொள்ளும் என்றுதான் அதை மாட்டுகிறார்கள். உள்ளே பிரிந்து கிடக்கும் ஒரு நூல், விரலில் சுற்றி இறுகிவிட்டால் இரத்தம் போகாமல் விரலே கெடும். மாட்டும் முன் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பார்க்க வேண்டும். நகத்தைத் தேய்த்து விடுவது இன்னும் எளிது.

பெட்டியில் இருந்த பழந்துணி

தமிழ்க் குடும்பங்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பிறந்த பிள்ளைக்கு உடனே புதுத்துணி உடுத்தமாட்டார்கள். தாத்தாவின் பழைய வேட்டி, பாட்டியின் நூல் சேலை, மூத்த பிள்ளை போட்ட சட்டை இவற்றைத்தான் எடுப்பார்கள். பலமுறை துவைத்து நைந்த பருத்தித் துணி மென்மையானது, காற்றோட்டமானது, வியர்வையை உறிஞ்சும். கடையில் தொங்கும் பாலியஸ்டர் உடையைவிட ஜெலுத்தோங்குக்கு அது எவ்வளவோ மேல்.

ஆனால் அந்தத் துணி இத்தனை ஆண்டு எங்கே இருந்தது? அலமாரியில், தகரப் பெட்டியில், அந்துருண்டையோடு. பூச்சி உருண்டை என்றும் சொல்வார்கள். வெள்ளை உருண்டைகளில் பல, நாப்தலீன் என்ற பொருளால் செய்யப்பட்டவை. அது கரையாமல், உருகாமல், திடநிலையிலிருந்து நேராக ஆவியாகும். துணியின் இழைகளில் தங்கும். பெட்டியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் மணம் அதுதான். பெரும்பாலானவர்களுக்கு அது வெறும் மணம். ஜி6பிடி குறைபாடு உள்ள குழந்தைக்கு அது நஞ்சு.

ஜி6பிடி என்பது சிவப்பணுக்களைச் சில இரசாயனங்களின் தாக்குதலிலிருந்து காக்கும் ஒரு நொதி. பிறவியிலேயே அது குறைந்தவர்கள் உலகில் 40 கோடிக்கும் மேல். எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் ஆண் பிள்ளைகளிடம் அதிகம். மலேசியாவில் சீன, மலாய்க் குழந்தைகளைவிடத் தமிழ்க் குழந்தைகளிடம் குறைவாகக் காணப்பட்டாலும் இல்லாமல் இல்லை. இந்தக் குறைபாடுள்ள குழந்தை அந்துருண்டை ஆவியை மூச்சில் இழுத்தாலோ, அந்தத் துணி தோலில் பட்டாலோ, சிவப்பணுக்கள் கூட்டமாக உடையும். எண்ணெய் தேய்த்த தோல் இன்னும் எளிதாக அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். உடைந்த அணுக்களிலிருந்து வரும் பிலிருபின்தான் மஞ்சள் காமாலையாகத் தெரிகிறது. அளவு மிஞ்சினால் அது மூளையில் படிந்து, செவிட்டுத்தன்மை, வலிப்பு, நடக்கவே முடியாத வாழ்நாள் ஊனம் வரை கொண்டுபோகும், உயிரையும் எடுக்கும். அந்துருண்டை போட்டு வைத்த துணிகளாலும் போர்வைகளாலும் பிறந்த குழந்தைகளுக்கு இப்படி இரத்தம் உடைந்ததை கிரேக்க மருத்துவர்கள் 1963இலேயே எழுதி வைத்தார்கள். குளிருக்கென்று எடுத்த போர்வைதான் அங்கேயும் காரணம்.

மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் இந்தச் சோதனை செய்கிறார்கள். குறைபாடு இருந்தால் பெற்றோரிடம் சொல்வார்கள். தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியலையும் தருவார்கள். பட்டியல் தாயின் கைப்பைக்குள் போய்விடும். அலமாரியைத் திறப்பவர் பாட்டி. அந்தப் பட்டியல் வீட்டில் துணி எடுக்கும் கைகளுக்கு எட்டுவதில்லை என்பதுதான் சிக்கல். குறைபாடு உண்டென்று தெரிந்தால், அந்துருண்டை மணம் உள்ள துணி எதையும் அந்தப் பிள்ளைக்கு எடுக்கக்கூடாது. துவைத்தாயிற்று என்பது சமாதானம் ஆகாது. உருண்டைகளையே வீட்டைவிட்டு அகற்ற வேண்டும். குளியலறையிலும் துணி அலமாரியிலும் தொங்கும் வண்ண உருண்டைகளும் இதில் அடக்கம். பிள்ளையைத் தூக்க வரும் உறவினர், விசேஷத்துக்கென்று பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிய பட்டுச்சேலையையும் மறந்துவிடக்கூடாது. குறைபாடு இல்லாத பிள்ளைக்கும் அந்துருண்டைத் துணி வேண்டாம். பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே வேட்டி, சேலைகளை வெளியே எடுத்து, பலமுறை அலசி, வெயிலில் போட்டு, மணம் முற்றிலும் போன பிறகு உருண்டை இல்லாத இடத்தில் மடித்து வைக்கலாம்.

சளி பிடிக்கும் என்று காட்டும் சாம்பிராணியும் தடவும் தைலமும் இதே வரிசையில் வருபவை. குளித்த தலையின் ஈரத்தைப் போக்கச் சாம்பிராணி என்பார்கள். தாய் தன் கூந்தலை வேறு அறையில் காட்டிக்கொள்ளட்டும்; பிறந்த பிள்ளையின் நுரையீரலுக்கு எந்தப் புகையும் ஆகாது. கற்பூரமும் மெந்தாலும் கலந்த தைலங்கள் நெஞ்சைச் சூடாக்குவதுபோல் தோன்றும். சிறு குழந்தைகளுக்கு மூச்சுத் திணறலும் வலிப்பும் வரவைத்திருக்கின்றன. ஜி6பிடி குறைந்த பிள்ளைக்குக் கற்பூரமும் தவிர்ப்புப் பட்டியலில் உள்ளது. பிள்ளையை மடியில் போட்டுக் காலை வெயில் காட்டினால் காமாலை இறங்கும் என்பதும் நம்பத் தகுந்ததல்ல. சுகாதார அமைச்சின் வழிகாட்டி அதைச் சிகிச்சையாக ஏற்பதில்லை. நம் வெயிலில் பிள்ளை வாடித்தான் போகும்.

வெளியே போகும்போது

பிரசவம் முடிந்து வீட்டுக்கு வரும் கார் பயணத்தில் பிள்ளையை மூட்டையாகக் கட்டித் தாயின் மடியில் வைத்துக் கொண்டுவருவது வழக்கம். 2020 ஜனவரி 1 முதல் குழந்தைக்கான தனி இருக்கை சட்டப்படி கட்டாயம். அந்த இருக்கையின் வார் குழந்தையின் உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். பெடோங்கோடும் கனத்த உடையோடும் உட்காரவைத்தால் வார் இறுகியதுபோல் தெரியும். மோதலில் துணி அமுங்கி, குழந்தை நழுவும். மெல்லிய உடையில் உட்காரவைத்து, வாரை மாட்டி, தேவைப்பட்டால் வாருக்கு மேல் துணி போர்த்தலாம். வெயிலில் நின்ற காரை முதலில் கதவு திறந்து ஆறவிட வேண்டும்.

கை கால் மூடிய உடைக்கு ஜெலுத்தோங்கில் குளிரைவிட நல்ல காரணம் கொசு. டிங்கி பயம் உள்ள இடத்தில் மெல்லிய நீளக்கை உடையும் கொசு வலையும் சரிதான். ஏணையிலும் ஸ்பிரிங் தொட்டிலிலும் துணி இருபக்கமும் மூடிக்கொண்டு காற்றை அடைக்கும். அதற்குள் இன்னொரு போர்வையைத் திணிக்கக்கூடாது. முகம் வெளியே தெரிய வேண்டும்.

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கை முழுக்காட்டிய வெள்ளத்தைப் போன்ற நாள்தான் இந்தத் தீவில் பிள்ளைக்கு உண்மையான குளிர் நாள். வெள்ளம் ஏறும் பகுதியில் இருப்பவர்கள், மழை மாதங்களில் பிள்ளையின் இரண்டு மூன்று மாற்றுத் துணிகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மேலே வைத்திருப்பது நல்லது.

பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்கோ, ஜூலை மாதம் மெல்பர்ன் அண்ணன் வீட்டுக்கோ கைப்பிள்ளையோடு போகிறவர்களுக்குக் கணக்கு மாறும். ஒரே தடித்த உடையைவிட மெல்லியவை இரண்டு மூன்று மேல். இடையில் தங்கும் காற்றே சூட்டைக் காக்கும். வேண்டாதபோது ஒவ்வொன்றாகக் கழற்றவும் முடியும். உடம்பை ஒட்டிப் பருத்தி, மேலே நீளக்கை உடை, அதன் மேல் கம்பளி. வெளியே நடக்கும்போது தொப்பியும் காலுறையும் வேண்டும். அறைக்கோ கடைக்கோ காருக்கோ உள்ளே வந்ததும், பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாலும், அவற்றை எடுத்துவிட வேண்டும். தூங்கும்போது தளர்ந்த போர்வைக்குப் பதில், கழுத்துவரை மூடும் தூக்கப்பை பாதுகாப்பானது. சூட்டுப் போத்தலைப் பிள்ளையின் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூங்கிவிடக்கூடாது.

மார்புச் சூடு

எந்தத் துணியையும்விடப் பிள்ளைக்கு ஏற்ற உடை ஒன்று இருக்கிறது. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் எட்கர் ரே என்ற மருத்துவர், இன்குபேட்டர் போதாத தம் மருத்துவமனையில் எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு தோல் ஒட்டக் கட்டி வைக்கத் தொடங்கினார். கங்காரு முறை என்று அது உலகெங்கும் பரவியது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. மிக எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்த உடனேயே இப்படி வைத்திருந்தால், முதல் 28 நாள்களில் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைகிறது. தாயின் மார்பு குளிர்ந்த பிள்ளையைச் சூடேற்றும்; அளவுக்கு மேல் சூடாக்காது. அப்பாவின் மார்பும் அந்த வேலையைச் செய்யும். 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த பிள்ளை வீட்டில் இருந்தால், நான்காவது போர்வை வாங்குவதைவிட, ஒரு நூல் சேலையால் பிள்ளையை மார்போடு கட்டிக்கொள்ளத் தாதியிடம் கற்றுக்கொள்ளலாம். பச்சை உடம்புக்காரியை மற்ற வேலைகளிலிருந்து விடுவித்தால்தான் அதற்கு நேரம் கிடைக்கும் என்பதை மாமியார் வீடு யோசிக்க வேண்டும்.

வீட்டில் ஒரு டிஜிட்டல் வெப்பமானி இருக்கட்டும். அக்குளில் வைத்துப் பார்க்கும்போது 36.5 முதல் 37.5 வரை இயல்பு. அதற்கு மேல் இருந்து, பிள்ளை சுறுசுறுப்பாகப் பால் குடித்தால், ஒரு சுற்றுத் துணியை அவிழ்த்துக் கால்மணி நேரம் கழித்து மீண்டும் அளந்து பார்க்கலாம். இறங்காவிட்டால் கிளினிக்குக்குப் போக வேண்டும். 38ஐத் தொட்டால் நள்ளிரவானாலும் மருத்துவமனைதான். 36.5க்குக் கீழே இருந்தால் உலர்ந்த துணி மாற்றி, மார்போடு அணைத்து, பால் கொடுத்து மீண்டும் அளக்க வேண்டும். 35.5க்குக் கீழே இறங்கினாலோ, எண் எதுவானாலும் பிள்ளை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, போர்வையைத் தேடிக்கொண்டிருக்கக்கூடாது.

பிறந்த முதல் பத்து நாள்களில் தாய் சேய் நலக் கிளினிக்கிலிருந்து சமூகத் தாதி பலமுறை வீட்டுக்கு வருவார். காமாலையைக் கண்டுபிடிக்க அவர் பிள்ளையின் தோலைப் பகல் வெளிச்சத்தில் அழுத்திப் பார்க்க வேண்டும். சாத்திய சன்னலுக்குள் கழுத்துவரை போர்த்திய பிள்ளையில் முகம் மட்டும்தான் தெரியும். மஞ்சள் மார்புக்கும் காலுக்கும் இறங்கியிருப்பது தெரியாது. அவர் வரும் நேரத்தில் சன்னலைத் திறந்து, பெடோங்கை அவிழ்த்து, உள்ளங்கால்வரை காட்டுங்கள். ஜி6பிடி முடிவு எழுதியிருக்கும் பதிவேட்டையும் எடுத்து வையுங்கள். பாட்டி பக்கத்தில் இருக்கும்போதே, அலமாரியில் இருக்கும் துணிகளைப் பற்றித் தாதியிடம் கேளுங்கள்.